உப்பு எங்கே என்று கேட்ட சுவர்

காங்கேசன்துறைச் சந்திக்குத் தெற்கே ஒன்றரைக் கட்டை தூரத்தில் இருக்கும் குணலட்சுமியின் வீட்டுச் சுவர், பங்குனி மாதம் பதினோராம் திகதி மத்தியானம் பன்னிரண்டேகாலுக்குச் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கியது. அன்றைக்குச் சுன்னாகச் சந்தையில் கத்தரிக்காய் கிலோ இருநூறு ரூபாய். வெயில் என்றால் மண்டை வெடிக்கிற வெயில். எல்லாச் சுவரும் கதைக்கவில்லை; முன் மண்டபத்துக்கும் சாமியறைக்கும் நடுவே நிற்கிற ஒன்றுதான். அதன் மேல் இன்னும் கூரை போட்டிருக்கவில்லை. வெயில் நேரே விழுந்து சூடேறினால் வாய் திறக்கும், இரண்டு மணிக்கு நிழல் சாய்ந்தால் மூடிக்கொள்ளும். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் ஷெல்லுக்குப் பயந்து அந்த வீட்டை விட்டு ஓடிய குணலட்சுமி, முப்பத்துநாலு வருஷம் கழித்து, காணி விடுபட்ட இந்த மாசியில்தான் திரும்பி வந்திருந்தாள். அத்தனை வருஷமும் அதற்குள் ஆமி இருந்தது. ஓடு இல்லை, கதவு இல்லை, வாசல் நிலையில் ஒரு துவக்குச் சன்னம் துளைத்த ஓட்டை, சுவரெல்லாம் பச்சை மை. என்றாலும் சொந்த வீடு. பாதிக்குத் தகரம் போட்டுக்கொண்டு, அறுபத்தொரு வயதில் அவளும் மகள் கீர்த்திகாவும் குடிபுகுந்தார்கள்.

சுவர் சொன்னது அவளுக்கு விளங்கியதற்குக் காரணம் ஒரு பசுமாடு. கீர்த்திகாவுக்குச் சுன்னாகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வருவாள். வந்த இரண்டாம் கிழமை பசு வேலியைத் தாண்டி, அடுத்த காணியில் இன்னும் இருக்கிற முகாமுக்குள் போய்விட்டது. ஒரு ஆமிக்காரன் அதைக் கயிற்றோடு பிடித்துவந்து படலையில் நின்று ஏதோ சொன்னான். குணலட்சுமிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வராது. மறுபடியும் வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறான் என்றே நினைத்தாள். அவன் போன பிறகும் அரைமணி நேரம் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்தாள். அன்று பின்னேரமே கீர்த்திகா தன் பழைய போனில் மொழிபெயர்க்கிற செயலியை ஏற்றித் தாயின் கையில் கொடுத்தாள். "அவை கதைச்சால் உது தமிழிலை சொல்லும். நீங்கள் திருப்பிக் கதைக்கிறதெண்டால் உந்த ரெண்டு அம்புக்குறியையும் ஒருக்கா அமத்துங்கோ, உங்கடை தமிழைச் சிங்களமாக்கிச் சொல்லும்" என்றாள். மறுநாள் அவன் மறுபடி வந்து அதே வசனத்தைச் சொன்னான். போன், இந்தியத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவளின் குரலில், "உங்கள் பசுவின் காதில் உண்ணி இருக்கிறது, வேப்பெண்ணெய் பூசுங்கள்" என்றது. இதற்கா இந்தப் பயம் பயந்தேன் என்று குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அம்புக்குறியை அமத்தி, "ஓம் தம்பி, பூசுறன்" என்றாள். அவனும் சிரித்துக்கொண்டு போனான்.

அதே போன் சாமியறை வாசலில் கிடந்த மத்தியானத்தில்தான் சுவர் வாய் திறந்தது. முகாமிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். ஒரு காக்கைகூட இல்லை. போன் பதறாமல் சொன்னது: "இந்த வீட்டில் உப்பை எங்கே வைத்திருக்கிறார்கள்?" குணலட்சுமி வீட்டுக்காரியின் பழக்கத்தில், "அடுப்படித் தட்டிலை, மூலைச் சாடியுக்கை" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டாள். அப்படி ஒரு சாடியை அவள் அங்கே வைத்தது தொண்ணூறாம் ஆண்டு. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்க, ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ஓடிய நாள் வைத்தது. சுவருக்குள் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு போன் சொன்னது: "இதோ, மூலையில் ஒரு சாடி. சோறும் இருக்கிறது. இன்னும் சூடாக இருக்கிறது."

பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் சீமெந்துத் தொழிற்சாலையில் இருபத்தொரு வருஷம் வேலை செய்தவர், அவருக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். "உது உன்ரை மனுசன் வாகீசன் தன்ரை கையாலை பூசின சுவர். எங்கடை தொழிற்சாலைச் சீமெந்து தங்கச்சி, பிடிச்சதை விடாது. உள்ளுக்கை போன கதை சூட்டுக்கு இப்ப வெளியிலை வருகுது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டார். சுவர் ஒழுங்காகத்தான் கதைத்தது. ஒரு மத்தியானத்துக்கு ஒரு மாதம், அந்த மாதத்துப் பேச்சில் தனக்குப் பிடித்தது மட்டும். முதல் மத்தியானம் தொண்ணூறு ஆனி, இரண்டாம் மத்தியானம் ஆடி, மூன்றாவது ஆவணி. வெசாக் பண்டிகை வந்தது, லீவு வந்தது, லீவு கிடைக்காதவர்களின் தூஷணம் வந்தது. அதையும் போன் மரியாதைப் பன்மையிலேயே மொழிபெயர்த்தது. இதைக் கலண்டரில் குறித்துக்கொண்டு வந்த கீர்த்திகா பதின்மூன்றாம் நாள் பேனையைக் கீழே வைத்தாள். எழுபத்துநாலாம் மத்தியானம் சுவர் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதத்துக்கு வந்துவிடும். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறு ஆடியில்தான் வாகீசன் காணாமல் போனான். அப்போது அவர்கள் அளவெட்டியில் ஒரு வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். கீர்த்திகாவுக்கு ஆறு வயது தாண்டிவிட்டது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்றார்கள். உலகத்தில் வேறு எந்தச் சாதி மனிதனும் அதற்காக ஆமியின் கம்பிவேலிக்குள் போயிருக்க மாட்டான். எங்கள் ஆள் போனான். பிள்ளையின் படிப்பல்லவா! பத்திரம் சாமியறைத் தகரப்பெட்டிக்குள் கிடக்கிறது என்று நினைவுபடுத்தியவள் குணலட்சுமிதான். "ஒருக்கா எட்டிப் பார்த்திட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தவன் வரவில்லை. எந்த முகாமில் கேட்டாலும் அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த மனுசன் இருந்திருப்பார் என்ற நினைப்பு இருபத்தொன்பது வருஷமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஒரு ஆடி அமாவாசைக்கும் அவள் கீரிமலைக்குப் பிதிர்க்கடன் கொடுக்கப் போகவில்லை, ஒரு நாளும் பொட்டை அழிக்கவில்லை. தெரியாத வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். இப்போது சுவர் நாளுக்கு ஒரு மாதமாக அவரை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

முப்பத்தைந்தாம் மத்தியானம், இங்கே சித்திரை வருஷப்பிறப்பு, சுவருக்குள்ளும் தொண்ணூற்றுமூன்றின் வருஷப்பிறப்பு, றொகான் என்கிற பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் அந்த வீட்டுக்குக் காவலுக்கு வந்தான். வந்த அன்றே அழுதான். தாய் செய்கிற பலகாரத்தை நினைத்து அழுதான் என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள். பிறகு வந்த மத்தியானங்களில் அவன் தன் தாய்க்குக் கடிதம் எழுதும்போது ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினான். எழுதுவது சாமியறைத் தகரப்பெட்டியின் மேல் இருந்துகொண்டு. "அம்மா, நான் இருக்கிற பெட்டிக்குள் முத்திரை குத்திய கடதாசிகள் இருக்கின்றன. எனக்கு இந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. முத்திரை உள்ள கடதாசியை எறியக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள், ஆகையால் எறியவில்லை" என்று ஒரு நாள் எழுதினான். குணலட்சுமி அதைக் கேட்டுச் சுவரில் கையை வைத்தபடி விம்மினாள். "நல்லாயிருப்பாய் மோனை" என்றாள். அன்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் அவன்மேல் பாசம் வைக்க வைக்கப் பயமும் வளர்ந்தது. ஆடி மாதம் அந்த வாசலில் துவக்கோடு நிற்கப்போகிறவன் இவனாகத்தானே இருக்கும்! யாரோ ஒரு முகம் தெரியாதவன் செய்ததென்றால் ஒரு மாதிரி. தான் காய்ச்சலுக்குக் கவலைப்பட்ட பிள்ளை செய்ததென்றால் அதை எப்படித் தாங்குவது?

ஐம்பத்தோராம் மத்தியானம் இன்னொன்று நடந்தது. போனில் அம்புக்குறி எப்படியோ மாறிக்கிடந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரு கோழி சாமியறைக்குள் நுழைந்தது. "சனியன், வெளியிலை போ!" என்று கத்தினாள். போன் அதைச் சிங்களத்தில் சொன்னது. சுவர் சட்டென்று நின்றது. அவள் பதறி அம்புக்குறியைத் திருப்பினாள். "யாரோ ஒரு பெண் எங்களை வெளியே போகச் சொல்கிறார்" என்றது போன். "யார் அங்கே?" என்றது. அடுத்த கணம் ஒரு வெடி. சுவருக்குள் காது கிழிகிற வெடி, வாசல் பக்கமாக. குணலட்சுமி மெல்ல எழுந்துபோய் வாசல் நிலையைப் பார்த்தாள். மாசியில் வந்த நாளிலிருந்து அங்கே இருக்கிற அதே ஓட்டை. அது தன்னால் வந்த ஓட்டை என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மத்தியானத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கோழியைக் கூட்டில் அடைத்தார்கள். கீர்த்திகா ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பில்லாமல் நடந்தாள். தும்மல் வந்தால் வளவுக்கு ஓடினாள். பொன்னம்பலம் வந்து படலைக்கு வெளியே நின்றே, "போனை நிப்பாட்டிப்போட்டு, மத்தியானத்திலை மாவிட்டபுரம் கோயிலிலை போய் இருந்திட்டு ரெண்டு மணிக்கு வா தங்கச்சி. உதைக் கேட்டு என்ன காணப்போறாய்?" என்று கெஞ்சினார். கீர்த்திகா மட்டும் கேட்கத்தான் வேண்டும் என்று நின்றாள். "முப்பத்தைஞ்சு வயசாச்சம்மா எனக்கு. அப்பா இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒரு படிவத்திலையும் எழுதத் தெரியாமல் நிக்கிறன்" என்றாள். குணலட்சுமியின் பயம் வேறு. கேட்கிற பயம் பாதி. சுவருக்குக் காது உண்டு என்று தெரிந்த பிறகு வந்த பயம் மீதி. தான் ஒரு சொல் சொல்லி அவர்கள் திடுக்கிட்டுச் சுட்டுவிட்டால்? சொல்லாமல் விட்டு அதனால் அவர் செத்துவிட்டால்? ஏற்கனவே ஒரு சொல் சொல்லித்தான் அவரை அனுப்பினாள். அறுபதாம் மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, சேலை இடுப்பில் நிற்க மறுத்தது.

எழுபத்துநாலாம் மத்தியானம் வைகாசி இருபத்துமூன்று. கீர்த்திகா லீவு போட்டிருந்தாள். இருவரும் சுவருக்கு முன் நிலத்தில் இருந்தார்கள். அன்றைக்குச் சுவர் மாதத்தைத் தாண்டித் தாண்டி ஓடவில்லை; ஒரே நாளை எடுத்து நிமிஷம் நிமிஷமாகச் சொன்னது. முதலில் ஒரு சைக்கிள் விழுகிற சத்தம். "நில்லுங்கள். கைகளை உயர்த்துங்கள்" என்றது போன். அதன் பிறகு போன் மொழிபெயர்க்கத் தேவையில்லாத குரல் வந்தது. "ஐயா, சுட்டுப்போடாதேங்கோ. இது என்ரை வீடு ஐயா. பிள்ளையின்ரை பிறந்த பத்திரம் உந்த அறைக்கை தகரப்பெட்டியிலை கிடக்கு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிடுறன்." கீர்த்திகா தாயின் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அதே குரல், ஒரு நாள்கூட வயது போகாத குரல்.

"இவர் என்ன சொல்கிறார்?" என்று அங்கே பொறுப்பாக நின்ற கோப்ரல் கேட்டான். "தெரியவில்லை, ஐயா" என்றான் றொகான். சத்தமாகச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிற எங்கள் ஆட்களின் வழக்கப்படி வாகீசன் அதையே இன்னும் பெரிதாகச் சொன்னான். "வீடு, வீடு என்கிறார். வீட்டை வேவு பார்க்க வந்தவர். கிணற்றுக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். நான் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டு வருகிறேன். பிறகு முடித்துவிடலாம்" என்றான் கோப்ரல். அதையும் போன் செய்தி வாசிக்கிற குரலில் மரியாதை குறையாமல் சொன்னது. சப்பாத்துச் சத்தம் தூரப் போனது.

குணலட்சுமியின் கண் வாசல் நிலையின் ஓட்டையில் போய் நின்றது. வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. "அம்மா, வேண்டாம்" என்று கீர்த்திகா உதட்டை அசைத்தாள். சுவருக்குள் வாகீசன் மூன்றாம் முறையாகத் தன் பத்திரக் கதையைத் தொடங்கினான். குணலட்சுமி அந்த இரண்டு அம்புக்குறியையும் அமத்திப் போனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். அவன் தமிழில் சொல்லச் சொல்லப் போன் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனது. சுவர் மூச்சைப் பிடித்தது. அவள் பொறுக்க மாட்டாமல், "றொகான் தம்பி, நான் இந்த வீட்டுக்காரி. அது என்ரை மனுசன், பொய் சொல்லேல்லை. நீ இருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுற பெட்டிக்கைதான் அந்தப் பத்திரம் கிடக்கு, முத்திரை குத்தினது. நீ எறியாமல் வைச்சிருக்கிறாய். அவரைக் கொல்ல விடாதை மோனை" என்றாள். சொல்லிவிட்டு அம்புக்குறியைத் திருப்பினாள். வெடிச் சத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெடி வரவில்லை. பிறகு போன் சொன்னது: "அம்மா, கோப்ரல் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். பின்வேலியில் எலுமிச்சை மரத்தடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக அவரைப் போகச் சொல்லுங்கள். சைக்கிளை எடுக்க வேண்டாம், சத்தம் கேட்கும். நான் சொன்னால் அவருக்கு விளங்காது." குணலட்சுமி சுவரில் வாயை வைத்தாள். "இஞ்சாருங்கோ, நான் குணம். பின்வேலி ஓட்டைக்குள்ளாலை ஓடுங்கோ. சைக்கிளை விடுங்கோ. அந்தப் பெடியன் விடுறான்." உள்ளே ஒரு திகைப்பு. "குணமோ? நீ எங்கையடி நிக்கிறாய்?" "அதைப் பேந்து சொல்லுறன், ஓடுங்கோ!" "பத்திரம்?" என்றான் அந்த மனுசன். உயிர் ஊசலாடுகிற நேரத்திலும் பத்திரம்! குணலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் றொகானுக்கு அந்த ஒரு சொல் விளங்கியிருக்க வேண்டும். தகரப்பெட்டி மூடி கிரீச்சிட்டது, கடதாசி சரசரத்தது, யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தம் எலுமிச்சைப் பக்கமாகத் தேய்ந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு வெடி. யார் சுட்டது, யாரைச் சுட்டது, வானத்தைச் சுட்டதா என்று சுவர் சொல்லவில்லை. மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது, நிழல்கூட விழவில்லை. சுவர் வாயை மூடிக்கொண்டது.

பின்வேலியில் எலுமிச்சை மரம் பட்டுப்போய் அடிக்கட்டை மட்டும் நின்றது. அதன் கீழே ஒரு பாட்டாச் செருப்பு கிடந்தது. கீர்த்திகா அதை எடுத்துப் பார்த்தாள். உள்பக்கம் இன்னும் கால்சூடு இருந்தது. "அம்மா, அப்பா எங்கை போவார்?" என்று கேட்டாள். எங்கே போவார், வீட்டுக்குத்தான். அவருக்கு வீடு அளவெட்டி. இருவரும் ஓட்டோ பிடித்து அளவெட்டிக்குப் பறந்தார்கள். குணலட்சுமி வழிநெடுக ஒவ்வொரு வேலியோரமும் பார்த்துக்கொண்டு வந்தாள், எங்காவது ஒரு ஆள் சுருண்டு விழுந்து கிடக்கிறதா என்று. முன்பு அவர்கள் ஒதுங்கியிருந்த வீட்டில் இப்போது வீட்டுக்காரி மகாதேவி இருக்கிறாள். அவள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "ஓம் குணமக்கா, இப்ப கொஞ்சத்துக்கு முந்தி ஒருத்தர் ஓடி வந்தவர். ஒரு காலிலை செருப்பில்லை. குணம் எங்கையெண்டு கேட்டார். அவை தங்கடை சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போட்டினம் எண்டன். ஆளுக்கு முகம் வெளிறிப் போச்சு. ஐயோ, அங்கை ஆமியெல்லோ எண்டிட்டு, தண்ணிகூடக் குடியாமல் திரும்பி ஓடிட்டார்."

அவர்கள் வந்து இறங்கியபோது அவன் படலைக்கு வெளியே, கள்ளன் மாதிரி வேலியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்துநாலு வயது, நீலக்கோட்டுச் சேட்டு, மீசையில் புழுதி. ஓட்டோவிலிருந்து முதலில் இறங்கிய கீர்த்திகாவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. நேரே அவளிடம் வந்து, "குணம், இந்தா பத்திரம். பிள்ளையை நாளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று நீட்டினான். கீர்த்திகா தன் பிறப்புப் பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கி, வாசித்து, அழுது முடிய நேரம் எடுத்தது. "அம்மா அங்கை நிக்கிறா, அப்பா" என்று பின்னால் காட்டினாள். அவன் திரும்பி நரைத்த தலையைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "என்னடியப்பா, வர இவ்வளவு சுணங்கிப்போட்டனோ?" என்றான். "ஓம்" என்றாள் குணலட்சுமி. "உள்ளுக்கை வாங்கோ, சோறு கிடக்கு."

ஆனியில் குடும்ப விபரம் எடுக்க வந்த கிராம விதானையார் வாங்குப் பலகையில் இருந்து எழுதினார்: குடும்பத் தலைவர் வாகீசன், வயது முப்பத்துநாலு, மனைவி குணலட்சுமி, அறுபத்தொன்று, மகள் கீர்த்திகா, முப்பத்தைந்து. மகளின் வயதுக்கு மட்டும் ஆதாரம் கேட்டார். பத்திரம் இருந்தது, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சுவருக்கு மேலேயும் தகரம் போட்டாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு மத்தியானமும் சோற்றைப் போடுமுன் குணலட்சுமி போனை எடுத்துச் சுவரோடு வைத்து, அம்புக்குறியை அமத்தி, "தம்பி, சாப்பிட்டியோ?" என்று கேட்பாள். போன் சிங்களத்தில் கேட்கும். அம்புக்குறியைத் திருப்பிவிட்டுக் காத்திருப்பாள். அந்த ஒற்றை வெடி அவள் காதில் இன்னும் நின்றது. சுவரிலிருந்து ஒரு சத்தமும் வராது. ஒரு நாள் வாகீசன் சோற்றுக் கோப்பையோடு காத்திருந்து பொறுமையிழந்து, "ஆரையடி ஒவ்வொரு நாளும் கேக்கிறாய்?" என்றான். குணலட்சுமி போனைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

"எங்கடை பெடியன் ஒருத்தன்" என்றாள்.